பெரட்டுக்கு முன் எழுதிய நாவல்

இலங்கையின் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி காலமானார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். தான் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அறுபது ஆண்டுகள் எழுதியவர். செய்தி வந்த அன்றிரவே அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை மீண்டும் எடுத்து வாசித்தேன். 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது அது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே மனம் வேறொரு கணக்கைப் போட்டது. தோட்டத்தில் பிறந்து, லயமென்னும் வரிசை வீட்டில் வளர்ந்து, அந்த வாழ்க்கையை நாவலாக எழுதியவர்கள் எத்தனை பேர்?

மலையகத்தைப் பற்றி நல்ல நாவல்கள் இல்லாமல் இல்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் நந்தியின் ‘மலைக்கொழுந்து’ம் 1964இல் வந்தன. பெனடிக்ற் பாலனின் ‘சொந்தக்காரன்’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’, சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ என்று வரிசை நீளும். நந்தியும் ஞானசேகரனும் வடக்கிலிருந்து மலைநாட்டுக்கு வந்து மருத்துவம் பார்த்தவர்கள். எங்கள் நோயையும் வறுமையையும் கண்ணால் கண்டு, அக்கறையோடு எழுதினார்கள். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனாலும் இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துத் தூங்கிய பிள்ளைகள் எழுதியவற்றை எண்ண ஆரம்பித்தால் சீக்கிரமே எண்ணி முடித்துவிடலாம். சிறுகதையிலும் கவிதையிலும் நிறையப் பேர் இருக்கிறோம். நாவலுக்கு நேரம் வேண்டும், நீளமான மூச்சு வேண்டும். ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் அவை கிடைப்பது அரிது.

என்னிடமும் ஒரு நாவல் பல வருடங்களாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தை இரண்டாக்கியது. எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகள் தலைகளை எண்ணிப் பங்கிட்டன. அந்த எண்ணிக்கையில் பெரியம்மா அந்தப் பக்கம் போனார், அம்மா இந்தப் பக்கம் நின்றார். நான் எழுத நினைத்தது அந்தப் பிரிவின் கதை. முதல் அத்தியாயத்தை எழுதுவேன், திருத்துவேன், மறுபடி எழுதுவேன். அதற்கு மேல் போனதில்லை.

ஜோசப் காலமான அதே வருடம் எங்கள் மேட்டு லயத்தில் ஒரு பாட்டி இறந்துபோனார். எழுபதுகளில் யார் யார் எந்த ரயில் கோச்சியில் போனார்கள், எந்த வீட்டில் எதை விற்றுவிட்டுப் போனார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லக்கூடியவர். அவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியவற்றில் பாதியைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. ஒப்பந்தத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் பலரும் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். ஆகவே ஒரு நாவலை வேகமாக எழுதுவது என்பது, எங்களைப் பொறுத்தவரை, சாதனைக்காகச் செய்யும் காரியம் இல்லை. சொல்லக்கூடிய வாய்கள் இருக்கும்போதே எழுதி, அவர்களுக்கு வாசித்துக்காட்டி, ‘இது இப்படியா நடந்தது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசரம் எங்களுக்கு இருக்கிறது.

கொழும்பில் இருக்கும் தோழி ஒருத்திதான் நவம்பர் மாத நாவல் பழக்கத்தைப் பற்றிச் சொன்னாள். 1999இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞர் இருபது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. ஒரே மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளொன்றுக்கு 1,667 சொல். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. அது பின்னர் உலகம் முழுக்கப் பரவி, பல இலட்சம் பேர் கலந்துகொள்ளும் இயக்கமானது. அந்த அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற வழக்கம் எவருக்கும் சொந்தமானதல்ல. யார் வேண்டுமானாலும் எந்த மாதத்திலும் செய்யலாம். நான் 2022 நவம்பரில் செய்தேன்.

அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது தொடங்குவதற்கு முன்பே எனக்குத் தெளிவாக இருந்தது. ‘போய்விட்டிருந்தார்களாம்’ என்று நாம் ஒரே மூச்சில் எழுதுவது ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகப் பிரிந்து நிற்கும். அவர்களுடைய 50,000 நமக்கு 30,000, மிஞ்சினால் 35,000. ஆகவே நாளுக்கு 1,000 சொல் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அது உடனே பிடிபட்டது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆகியிருந்தது. அந்தச் சம்பளம் முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் தோட்டம் வைத்திருக்கும் கிலோக் கணக்கு, சில இடங்களில் 18, சில இடங்களில் 20, நிறைய வேண்டியிருந்தது. நிறையாவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். “ஆயிரம் ரூவாய்க்கு ஆயிரம் சொல்லா? அப்ப சரி புள்ள. கொறஞ்சா அரைப் பேருதான் போடுவேன்” என்றார். நாற்பது வருடம் கூடை சுமந்தவர். அந்த மாதம் முழுக்க, சாயந்தரம் நான் படிப்பிக்கும் பாடசாலையிலிருந்து வரும்போது முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. வேறு எந்தக் கருவியைவிடவும் அந்தக் கேள்வி என்னை எழுத வைத்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்பதை இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பத்திரிகைகள் அச்சைக் குறைத்தன. மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. நவம்பரில் நிலைமை கொஞ்சம் தேறியிருந்தாலும், இரவு மின்வெட்டு இன்னும் இருந்தது. நாவல் எழுதுவோருக்கென்றே செய்த ஸ்கிரிவனர் போன்ற நல்ல மென்பொருட்கள் இருக்கின்றன. அத்தியாயங்களை அட்டைகளாக மாற்றி அடுக்கலாம், குறிப்புகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதன் விலை அப்போது 60 டொலர் அளவு. எங்கள் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், தோட்டத்தில் அன்று இருபது நாள் கூலிக்கும் அதிகம். அதே வேலையைச் செய்யும் ‘வைரைட்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது. சைமன் ஹெயின்ஸ் என்ற அவுஸ்திரேலிய எழுத்தாளர் தனக்காக எழுதிப் பிறருக்கும் கொடுத்த மென்பொருள் அது. கணினி வைத்திருப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். என்னிடம் இருந்ததோ கைபேசியும் ஹட்டன் டவுனில் வாங்கிய சீ.ஆர். கொப்பி ஒன்றும்.

நேரத்தைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து வீடுகளில் காலை நான்கு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். பெரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகும் முன் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைத்து, பகல் சாப்பாட்டையும் கட்டி முடிக்க வேண்டும். அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அந்த நேரத்துக்கே எழும்புவார். நானும் எழும்பினேன். அடுப்பங்கரையில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ஐந்தரை மணிவரை எழுதுவேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள், கைபேசிக்குச் செய்தி வராது. இரவில் எழுதலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளோடு பேசிய வாயும் மனமும் இரவில் எதையும் புதிதாகச் சொல்லாது. விடியலில்தான் பாத்திரங்கள் பேசினார்கள்.

கைபேசியில் தமிழ் எழுத முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ வைத்திருந்தேன். எங்கள் பாடசாலைகளில் வினாத்தாள் அடிப்பவர்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். பாமினியில் அடித்ததைக் கைபேசியில் திறந்தால் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். நாவல் போன்ற நீளமான வேலையை யுனிகோடில் தொடங்குவதே நல்லது. பழைய குறிப்புகள் பாமினியில் இருந்தால் அவற்றை மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. முதல் நாளே மாற்றிவிட்டால் நடுவில் தடை வராது.

வேகத்தை உண்மையிலேயே கூட்டியது குரல்வழித் தட்டச்சு. கூகுள் 2017இல் தமிழையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இலங்கைத் தமிழ் என்று தனியாகத் தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. பாடசாலை விட்டு வரும் வழியில், தேயிலை மலைக்கு நடுவே இரண்டு கிலோமீற்றர் நடை. அந்த நடையில் அடுத்த காட்சியை வாயால் சொல்லிக்கொண்டே வருவேன். வருணனை நன்றாக விழும். லயத்துப் பேச்சுத்தான் விழாது. பெரட்டு, கவ்வாத்து, கொங்காணி, மட்டக்கம்பு, படங்கு என்று எங்கள் நாளாந்தச் சொற்கள் ஒவ்வொன்றையும் அது வேறு ஏதோ சொல்லாக்கிவிடும். இருநூறு ஆண்டுகளாக இந்த மலைகளில் புழங்கும் சொற்கள் அந்த இயந்திரம் கேட்டிராதவை. எழுத்தில் அவை போதிய அளவு இல்லை என்பதே காரணம் என்று எனக்குப் படுகிறது. நாவல் எழுத இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டேன். உரையாடலை மட்டும் கையால் கொப்பியில் எழுதுவது, வருணனையைச் சொல்லிப் பதிவது என்று வேலையைப் பிரித்தேன். அடிக்கடி வரும் எங்கள் சொற்களைக் கைபேசி விசைப்பலகையின் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டால், இரண்டு எழுத்துத் தட்டியதும் முழுச் சொல் வந்து நிற்கும்.

வாயால் சொல்லி எழுதுவது குறைவான காரியம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. தஸ்தயேவ்ஸ்கியை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். 1866 நவம்பர் 1ஆம் திகதிக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால் தன் எழுத்துகளின் உரிமையையே பல வருடங்களுக்குப் பதிப்பாளரிடம் இழந்துவிடும் நிலை அவருக்கு. அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, 26 நாட்களில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். அன்னா இரவில் அதை வீட்டில் விரித்து எழுதிக்கொண்டு காலையில் வருவார். எங்கள் ஊரிலும் கதை என்பது வாயால் வந்ததுதான். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் இரவெல்லாம் நடக்கும்போது யார் கையிலும் ஏடு இருந்து நான் பார்த்ததில்லை.

வேகமாக எழுதுபவருக்கு மிகப் பெரிய தடை, தெரியாத ஒரு சின்ன விஷயம். 1974 பஞ்சத்தில் கூப்பனுக்கு எவ்வளவு மாவு கொடுத்தார்கள்? கோச்சி ஹட்டனுக்கு எத்தனை மணிக்கு வரும்? இதைத் தேடப் போனால் அன்றைய காலை அதோடு முடிந்தது. ஆகவே தெரியாத இடத்தில் மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பின்னர் கைபேசியில் அந்தக் குறிகளைத் தேடினால் கேட்க வேண்டியவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வயதானவர்கள் வீட்டுக்குப் போவேன். முன்பும் அவர்களிடம் கதை கேட்டிருக்கிறேன். “பழைய காலத்தப் பத்திச் சொல்லுங்க தாத்தா” என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: கஷ்டம், துரை, பஞ்சம். “அந்த வருசம் மரவள்ளிக் கிழங்க எங்க போய் வாங்கினீங்க?” என்று கேட்டபோதுதான் ஒரு தாத்தா அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் யார் கொடுத்தார், எந்தப் பாதையால் இருட்டில் போனார்கள், அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வந்தன. அந்த ஒரு பேச்சு இரண்டு அத்தியாயமாயிற்று. வரைவு கையில் இருந்ததால்தான் கேட்க எனக்குச் சரியான கேள்வி இருந்தது.

கொப்பியின் நடுப்பக்கத்தில் தோட்டத்தின் படத்தை வரைந்து வைத்தேன். பணிய லயம், மேட்டு லயம், ஸ்டோர், பிள்ளை மடுவம், கோயில், பெரட்டுக்களம், கங்காணி வீடு. ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர் இருக்கிறதல்லவா: ஆத்துமலை, கோயில்மலை, பங்களாமலை. துரைமார் போட்ட இலக்கங்கள் பதிவேட்டில் மட்டும் இருக்கும், வாயில் வருவது இந்தப் பெயர்கள்தான். படம் இருந்ததால் யார் எங்கிருந்து வருகிறார், எதைத் தாண்டி வருகிறார், யார் கண்ணில் படுவார் என்று யோசித்து நிற்க வேண்டியிருக்கவில்லை. கதை எங்கே தடைப்பட்டாலும் படத்தைப் பார்த்து, “இந்த நேரத்தில் பிள்ளை மடுவத்தில் யார் இருப்பார்?” என்று கேட்டால் ஒரு காட்சி பிறந்துவிடும்.

பிறகு அம்மாவின் தகரப்பெட்டி. அதிலிருந்த கடதாசிகளை நான் முன்பு வெறும் ஆவணமாகவே பார்த்திருந்தேன். பிறப்புச் சான்றிதழ்கள், அரிசிக் கூப்பன் புத்தகம், சம்பளத் துண்டுகள், சேமலாப நிதிக் கடிதங்கள், தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். அவற்றைத் திகதி வாரியாகப் பாயில் பரப்பி வைத்தபோது நாவலின் அத்தியாய வரிசை தானே கிடைத்தது. ஒரு மாதச் சம்பளத் துண்டில் மூன்று பேரின் பெயர், அடுத்த மாதத் துண்டில் இரண்டு பேர்தான். போன ஆள் பெரியம்மா. எந்த மாதம் வீட்டில் ஆள் குறைந்தது என்பதைக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்துச் சொல்லிவிட்டது. கதைக்கட்டு என்று புத்தகங்கள் சொல்லித்தரும் விதிகளை நான் குறை சொல்ல வரவில்லை. எங்களுக்கு அது தகரப்பெட்டியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியம்மா கூடலூரில் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னர் அது டேன்டீ என்ற கழகமாயிற்று. ஹட்டனில் கொழுந்து பறித்த கைகள் அங்கேயும் கொழுந்துதான் பறித்தன. அங்கிருந்தவர்கள் அவர்களை ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இங்கே இருந்தவரை இந்தியாக்காரர், அங்கே போனதும் சிலோன்காரர். பெரியம்மாவுக்கு எழுத வராது. பேரன் கைபேசியில் வட்ஸ்அப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் எழுதிய பகுதியை வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவேன். அவர் இரவில் பதில் அனுப்புவார், சில சமயம் பத்து நிமிடம் பேசுவார்.

ஹட்டன் ஸ்டேஷனில் அக்காவும் தங்கச்சியும் பிரியும் காட்சியை நான் மழையில் எழுதியிருந்தேன். கேட்டுவிட்டு அவர் அனுப்பிய பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. “ஏண்டி, மழையின்னு எழுதாத. அன்னிக்கி நல்ல வெயிலு. ஒங்கம்மா புதுச் சட்ட போட்டுக்கிட்டு வந்தா. நான் அழுவல. ஊருக்குப் போறோம்னு சந்தோசமாத்தான் ஏறுனேன். தலைமன்னாருல கப்பல் ஏறும்போதுதான் இனிமே வரமுடியாதுன்னு தெரிஞ்சிச்சு.” நான் அதுவரை வாசித்திருந்த பிரிவுக் காட்சிகளில் எல்லோரும் ஸ்டேஷனிலேயே அழுதுவிடுவார்கள். சந்தோசமாக ஏறியவரை நான் கற்பனை செய்திருக்கவே முடியாது. கொழுந்து பறிக்கும்போது போர்த்திக்கொள்ளும் கொங்காணியை எடுத்துப் போனதாகவும், கூடலூர்க் குளிரில் அதைப் பிள்ளைகளுக்குப் போர்த்தியதாகவும் இன்னொரு நாள் சொன்னார். பழுதாகிக் கிழியும்வரை அது வீட்டில் இருந்ததாம்.

அம்மாவிடம் இதை வாசித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சட்ட புதுசு இல்ல. அவ விட்டுட்டுப் போனத நான் போட்டுக்கிட்டேன்” என்றார். இரண்டு பேரின் நினைவையும் நாவலில் அப்படியே வைத்திருக்கிறேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை.

கடதாசியும் வாயும் சொல்லாதவற்றுக்கு ‘நூலகம்’ இருந்தது. 2005இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகம் அது. மலையக எழுத்தாளர்களின் நூல்கள், நின்றுபோன சஞ்சிகைகள், பழைய மலர்கள் எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மின்சாரமும் இணையமும் இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் இருட்டிலும் கைபேசியில் வாசிக்கலாம். ஹட்டனில் இருந்து தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரைப் பற்றியும், கூட்டங்களில் பாடிய அவர் மனைவி மீனாட்சி அம்மாளைப் பற்றியும் சாரல்நாடன் தேடித் தொகுத்திராவிட்டால் என் தலைமுறைக்கு என்ன தெரிந்திருக்கும்? தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே அந்த ஆராய்ச்சிகளை எல்லாம் செய்தவர் அவர். கோப்பிக் கால வாழ்க்கைக்கு டொனோவன் மொல்ட்ரிச்சின் நூலை இரா. சடகோபன் ‘கசந்த கோப்பி’ என்று தமிழில் தந்திருக்கிறார். நாட்டார் பாடல்களுக்கு சி.வி.யின் தொகுப்பு இருக்கிறது. ஆனால் ஒன்று: இவற்றை எழுதத் தொடங்குவதற்கு முன்பு வாசித்து முடித்துவிட வேண்டும். எழுதும் மாதத்தில் வாசிப்பது நல்ல சாக்காகிவிடும்.

வாசித்துக்காட்டும் பழக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அது எப்படியோ வளர்ந்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் தொலைக்காட்சி ஓடாது. பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு பேர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அன்று காலை எழுதியதை வாசிப்பேன். அம்மா வாலிபத்தில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வானொலி நாடகத்தைப் பக்கத்துக் காம்பரா ரேடியோவில் கேட்டவர். “அடுத்த கெழம வரைக்கும் தூக்கம் வராது” என்பார். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், வீரகேசரிப் பிரசுரம் தொடர்ந்து நாவல்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டது. அந்த வேகத்தில்தான் செங்கை ஆழியான் போன்றவர்கள் எழுதிக் குவித்தார்கள். நாளைக்கு என்ன என்று கேட்க ஆள் இருந்தால் எழுத்தாளருக்குக் கை நிற்காது. என் நாவலில் கங்காணி மகள் யாரைக் கட்டுவாள் என்று அக்காமார் சண்டை பிடித்தார்கள். அவர்களுக்குச் சலிப்புத் தட்டிய பக்கங்களை அடுத்த நாளே அறிந்துகொண்டேன்: மெழுகுவர்த்தியை யாராவது சரிசெய்ய எழும்புவார்கள்.

ஒவ்வொரு நாளும் எழுதியதை எனக்கே மின்னஞ்சல் செய்துவைத்தேன். கொப்பிப் பக்கங்களைப் படம் பிடித்து அதோடு சேர்த்தேன். தமிழ்க் கையெழுத்தைப் படத்திலிருந்து எழுத்தாக்கும் வசதியை நம்ப முடியாது. அச்சு எழுத்துக்கு அது நன்றாக உதவுகிறது. பழைய சஞ்சிகையின் ஒரு பத்தியை மேற்கோள் குறிப்பாக எடுக்க வேண்டுமென்றால் நேரம் மிச்சமாகும்.

மாத முடிவில் முதல் வரைவு கைக்கு வந்தது. சிறியது, ஓட்டைகள் உள்ளது, இரண்டு பாத்திரங்களுக்கு நடுவழியில் பெயர் மாறிப்போயிருந்தது. அதைத் திருத்தும் வேலை ஒரு வருடத்தைத் தாண்டியும் நீண்டது, இன்னும் முடியவில்லை. வேகமாக எழுதினால் நல்ல நாவல் வரும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேகமாக எழுதியதால் எனக்குக் கிடைத்தது வேறு. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு கதை என் முன்னால் இருந்தது. அதில் எது பொய், எது இரவல், எது எங்களுடையது என்று காட்டுவதற்குப் பெரியம்மாவும் அம்மாவும் உயிரோடு இருந்தார்கள். பத்து வருடம் திருத்திக்கொண்டிருந்த முதல் அத்தியாயத்தை இறுதியில் நீக்கிவிட்டேன். அது தேவைப்படவில்லை.

2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். முதல் தலைமுறை நடந்து வந்த பாதை அது. அந்த வழியில் இறந்தவர்களில் ஒருவரும் தன் கதையை எழுதிவைக்கவில்லை. இன்று எங்கள் தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர்களாக இருப்பவர்களில் பலர் அந்தப் பாதையில் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து, கையில் கைபேசியோடு வேலைக்கு வந்தவர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு நாவல் இருக்கிறது. வீட்டில் தகரப்பெட்டி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து, கடதாசிகளைத் திகதி வாரியாக அடுக்கிப் படம் பிடித்துவிடுங்கள், ஈரத்தில் அவை சீக்கிரம் போய்விடும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ உங்களுக்கும் ஒரு பெரியம்மா இருப்பார். அவர் எந்த மாதத்தில் கோச்சி ஏறினார், அன்று வெயிலா மழையா என்று கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்புங்கள்.